மண் வீடு கட்டப்போய் இடத்தில் சறுக்கினேன்

3 வருஷம் 4 மாசம். சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவையும் கொட்டிவிட்டு எனக்கு மிஞ்சியது முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் அடித்தளம். அதையும் போன வருஷம் விற்றுவிட்டேன். ஓய்வுபெற்ற பிறகு அக்காவும் நானும் இருக்க, சிமென்ட் அதிகம் சேராத, அந்த இடத்து மண்ணிலிருந்தே எழும்பிய ஒரு சின்ன வீடு வேண்டும் என்பது பத்து வருஷ ஆசை. மண் வீடு என்று தேடினால் சுவரை எப்படிக் குழைப்பது, பூச்சு எப்படிப் பூசுவது, கூரை எப்படிப் போடுவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த இடத்தில் கட்டக்கூடாது என்று ஒருத்தர்கூட எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு இருந்த மயக்கத்தில் காதில் விழுந்திருக்குமா என்பது வேறு விஷயம். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

வேலையில் இருக்கும்போதே விடுமுறை எடுத்துக்கொண்டு மூன்று பயிற்சி முகாம்களுக்குப் போனேன். மண்ணையும் வைக்கோலையும் காலால் மிதித்துக் குழைத்தேன், உருண்டை பிடித்து நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டு அது எப்படி உடைகிறது என்று பார்த்தேன். நகக்கண்ணில் ஏறிய மண் ஒரு வாரம் போகவில்லை, அதில் ஒரு பெருமைகூட இருந்தது. ஒரு நோட்டு நிறையக் குறிப்பு எழுதினேன். இப்போது அதை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சுவருக்கு நாற்பது பக்கம். இடத்துக்கு ஒரே ஒரு வரி: "அமைதியாக இருக்கணும்."

அமைதியாகத்தான் இருந்தது. வெயில் காலத்து முடிவில் ஒரு காலை பத்து மணிக்குத் தரகர் கூட்டிப்போய்க் காட்டினார். சரிவான நிலம், கீழே சின்னதாக ஒரு ஓடை, எதிரில் மலை. ஓடைக்கரையில் பெரிய மரம் ஒன்று, அதன் நிழலில் உட்கார்ந்தபோதே என் மனசுக்குள் வீடு எழும்பிவிட்டது. அக்கா மட்டும் காரை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்து, திரும்பிப் பார்த்து, "மண்ணைப் பார்த்தியே, வந்த வழியைப் பார்த்தியா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பத்தொன்பதாவது நாள் பத்திரம் முடிந்தது. அந்தப் பத்தொன்பது நாளில் மூன்று தடவை போயிருந்தேன், மூன்று தடவையும் வெயிலில், மூன்று தடவையும் பகலில். ஒரு மழைக் காலத்தையாவது அங்கே பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இடம் நம்மிடம் நல்ல முகத்தைக் காட்டும் நாளில்தான் தரகர் கூப்பிடுவார். கொட்டுகிற மழையில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக ஒரு தடவை, கடும் வெயிலில் கிணறு வற்றும் காலத்தில் ஒரு தடவை என்று நாமாகப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று பயம் காட்டினால் வாங்கிக்கொள்ளட்டும்.

முதல் மழையிலேயே இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஓடை சின்னது இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். நான் நிழலுக்கு உட்கார்ந்த அந்த மரத்தின் கிளைகளில், என் தோள் உயரத்தில், காய்ந்த புல்லும் ஒரு பிளாஸ்டிக் பையும் மாட்டிக்கொண்டிருந்தன. உற்றுப் பார்த்தால் அதற்கும் மேலே பழைய புல் ஒரு கொத்து, சாம்பல் நிறத்தில். வருஷா வருஷம் வெள்ளம் தன் உயரத்தை அங்கே எழுதி வைத்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. யேமனில் ஷிபாம் என்று ஒரு நகரம் இருக்கிறது. சுடாத பச்சை மண் கல்லில் ஏழெட்டு மாடி வரை எழுப்பியிருக்கிறார்கள், 1532-33 வெள்ளத்துக்குப் பிறகு திரும்பக் கட்டிய ஊர் அது. அந்தப் படங்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சுவரைத்தான் பார்த்தேன். ஊர் மொத்தமும் பள்ளத்தாக்குத் தரையிலிருந்து சில மீட்டர் உயர்ந்த மேட்டில் உட்கார்ந்திருப்பது கண்ணில் படவே இல்லை. அப்படி இருந்தும் 2008 வெள்ளம் அதையும் பதம் பார்த்தது. வீடு கட்டும் இடத்தை ஓடைக்கரையிலிருந்து நிலத்தின் மேல் முனைக்கு மாற்றினேன். அதன் விலை பின்னால் வருகிறது.

இரண்டாவது, வழி. தார் ரோட்டிலிருந்து கடைசி 400 மீட்டர் இன்னொருவர் நிலத்தின் ஓரமாகப் போகும் மண் பாதை. "வண்டி வரும்மா, காலங்காலமா வருது" என்று சொன்னார் விற்றவர். உண்மைதான், பக்கத்து நிலத்துக்காரர் பெரியவர், அவர் இருந்தவரை வந்தது. அவர் காலமானதும் மகன் கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார். பத்திரத்தை எடுத்து வக்கீலிடம் காட்டியபோதுதான் அவர் ஒரு வார்த்தையைப் பென்சிலால் வட்டமிட்டார்: நடைபாதை. வண்டிப்பாதை என்று எங்கேயும் இல்லை. நடந்து போகலாம், செங்கல் லாரி போக முடியாது. அந்த மகன் மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவர் நிலம், அவர் பயம். பேசிப் பேசி, கடைசியில், அளவுக்கு அளவு பார்த்தால் நான் நிலம் வாங்கிய விலையைப்போல மூன்று மடங்கு விலையில் அந்தப் பட்டையை மட்டும் வாங்கினேன். பதினோரு மாசம் அதிலேயே போனது. அந்தக் காலத்தில் நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "நல்லாப் போகுது" என்றேன். ஆசைப்பட்டுச் செய்த காரியத்தில் ஏமாந்துவிட்டோம் என்று சொல்ல வாய் வராது. நீங்கள் வாங்கும்போது வழி யாருடையது, எத்தனை அடி அகலம், நடக்கவா வண்டி ஓட்டவா, தண்ணீர்க் குழாயும் மின்கம்பமும் அதில் போகலாமா என்று ஒவ்வொன்றும் பத்திரத்தில் எழுத்தாக இருக்கிறதா பாருங்கள். பெரியவரின் நல்ல மனசு வாரிசுக்குச் சேராது.

அடுத்து மண். இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம் அதிகம், ஏனென்றால் மண் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேரான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் மணல் அடியில் உட்காரும், இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் வண்டல், களி முழுசாகப் படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஒவ்வொரு படிவுக்கும் பாட்டிலில் கோடு போட்டு அளந்தால் போதும். சுவருக்கு மொத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை களி இருந்தால் நல்லது, மீதியில் பெரும்பகுதி மணலாக இருக்க வேண்டும். முகாமில் நான் மற்றவர்களுக்கே செய்து காட்டியிருக்கிறேன். என் சொந்த நிலத்தில் அதைச் செய்தது வாங்கி ஐந்து மாசம் கழித்து! ஜன்னல் விளிம்பில் வைத்த பாட்டிலில் ராத்திரி வரைக்கும் தண்ணீர் காப்பிபோலக் கலங்கியே நின்றது. நாலாவது நாள் தெளிந்தபோது அடியில் மணல் ஒரு விரல்கூட இல்லை, பாதிக்கு மேல் களி. மேலே ஒன்றரை அடிக்கு வேரும் மட்கும் கலந்த மேல்மண், அது செடிக்கு அமிர்தம், சுவருக்கு ஆகாது. அதற்குக் கீழே நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற களி. அடுத்த வெயிலில் வெட்டிப் போட்ட வாய்க்காலில் என் கட்டைவிரல் முழுசாக உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு. அப்படிப்பட்ட மண் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும், மேலே இருக்கும் சுவரையும் சேர்த்து ஆட்டும். மண் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல காலணியும் வேண்டும் என்று இங்கிலாந்தின் டெவன் பக்கம் சொல்வார்கள். என் நிலம் கேட்ட காலணி ஆழமான கருங்கல் அடித்தளம். சேமிப்பில் பெரும் ஓட்டை அங்கேதான் விழுந்தது.

மணல் கலந்தால் களியைச் சரிசெய்யலாம். கணக்குப் போட்டதில் 22 லோடு மணல், 60 கிலோமீட்டர் தூரத்திலிருந்து. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் ஐந்து மைல் வட்டாரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டார். நான் பிடித்தது வேறு லாரி. இயற்கை வீடு என்று பெயர் வைத்துவிட்டு டீசல் புகையில் மண் கொண்டுவருவதில் என்ன இயற்கை இருக்கிறது? முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், நிலத்தில் நாலு இடத்தில் முழங்கால் ஆழத்துக்கும் கீழே தோண்டி நாலு பாட்டில் மண் எடுத்து வாருங்கள். நாலு நாள் பொறுத்தால் போதும். விற்பவர் தோண்ட விடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

தண்ணீரைப் பற்றி நான் கொஞ்சம் முன்யோசனையோடுதான் இருந்தேன், ஆனால் அது பாதி யோசனை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 80 சதுர மீட்டர் கூரை, வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் மழை என்றால் 56,000 லிட்டர், சிந்தல் சிதறல் போக ஏறத்தாழ 45,000 கைக்கு வரும். எங்கள் இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் வைத்தால் வருஷத்துக்கு 73,000 வேண்டும். மீதி ஆழ்துளைக் கிணற்றில் வரும் என்று எழுதி வைத்தேன். வந்தது, நன்றாகவே வந்தது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 1.5. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். இதை அறியப் பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் முன்கூட்டியே எடுத்திருந்தால் போதும். கழிவுநீரும் அப்படியே. உறிஞ்சுகுழிக்காகத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. மறுநாள் காலை தண்ணீர் அப்படியே நின்றது, அதில் ஒரு தவளை குடியேறியிருந்தது. களிமண் நிலம் தண்ணீரைக் குடிக்காது. உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் பொதுவாக 30 மீட்டராவது இடைவெளி வேண்டும், சரிவில் கிணறு மேலே இருக்க வேண்டும். சின்ன நிலத்தில் இதையெல்லாம் அடக்க முடிகிறதா என்று வாங்கும் முன்பே தாளில் வரைந்து பாருங்கள்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண் சுவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை, கையெழுத்துப் போடும் பொறியாளரைத் தேட நாலு மாசம் ஆனது, காப்பீடு கேட்டபோது கையை விரித்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே ஒருத்தர் இப்படிக் கட்டி அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இவ்வளவுக்குப் பிறகும் நான் விடவில்லை. அடித்தளம் எழும்பியது. மூன்றாவது வருஷம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அறுவை முடிந்து, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும், "வீடு எவ்வளவு வந்திருக்குன்னு பார்க்கணும்" என்றாள். கூட்டிப்போனேன். வெள்ளத்துக்குப் பயந்து மேல் முனைக்கு மாற்றினேன் இல்லையா, அடித்தளம் பாதையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தது. அக்கா காரிலிருந்து காலைக் கீழே வைத்து, வாக்கரைச் சரளைக் கல்லில் ஊன்றிப் பார்த்தாள். ஒரு கால் சறுக்கியது. மறுபடி உட்கார்ந்துகொண்டாள். "நான் மேலே வந்து சேரதுக்குள்ளே உனக்கு எழுபது ஆயிடும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 4 மீட்டருக்கு 48 மீட்டர், நடுவில் இளைப்பாறும் மேடைகள் தனி. அந்த நிலத்தில் அவ்வளவு நீளம் எந்தப் பக்கமும் இல்லை. நான் ஐம்பத்தெட்டு வயதுக் காலோடு நிலம் பார்த்தேன், குடியிருக்கப் போவது எண்பது வயதுக் கால்.

அன்று திரும்பும்போது வேண்டுமென்றே மருத்துவமனை வழியாக வந்தேன். 46 கிலோமீட்டர், 1 மணி 20 நிமிஷம், அதுவும் பகலில், மழை இல்லாமல். ரத்தம் உறைந்து அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள் நம்மை யாராவது பார்க்க வேண்டும், போன் கிடைக்க வேண்டும், வண்டி வர வேண்டும், போய்ச் சேர வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும். என் நிலத்தில் போன் சிக்னல் அந்தப் பெரிய மரத்தடியில் மட்டும்தான் வரும். அதை அதுவரை ஒரு அழகாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன், என் பத்து வருஷப் பிடிவாதத்தை உடைத்தது அந்தக் கணக்குதான். மண் சுவரால் நான் மிச்சப்படுத்தப்போவது சுமார் 240 மூட்டை சிமென்ட், அதாவது 12 டன். ஒரு டன் சிமென்டுக்கு ஏறத்தாழ 0.8 டன் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் ஒன்பதரை டன் மிச்சம். நல்ல காரியம்தான். இந்தப் பக்கம், மருந்து, மளிகை, மருத்துவர், வங்கி என்று வாரத்துக்கு மூன்று தடவை போய்வர 92 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் ஒரு நடைக்கு 6 லிட்டர் பெட்ரோல், ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ. வாரத்துக்கு 42 கிலோ, வருஷத்துக்கு 2.2 டன். நாலரை வருஷத்தில் சுவர் மிச்சம் பிடித்ததைச் சக்கரம் தின்றுவிடும். அதற்குப் பிறகு நாங்கள் வாழும் ஒவ்வொரு வருஷமும் நஷ்டக் கணக்குத்தான். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண சிமென்ட் வீட்டுக்காரர் என்னைவிட இயற்கைக்கு நல்லவராக இருந்திருப்பார்.

விற்றேன். வாங்கின விலைக்கே போகவில்லை, அடித்தளத்துக்கு யாரும் ஒரு காசு கூடத் தரவில்லை, பாதை வாங்கியதால் விலை இன்னும் கீழே போகாததுதான் ஒரே ஆறுதல். பிறகு ஒரு வருஷம் எதுவும் வாங்கக்கூடாது என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டு, சிறு நகரம் ஒன்றின் ஓரத்தில் வாடகைக்குப் போனோம். மழையும் வெயிலும் முழுசாகப் பார்த்தோம். எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது, மின்சாரம் போனால் எப்போது வருகிறது, அக்கா வாக்கரோடு எத்தனை தூரம் போக முடிகிறது, கதவைத் தட்டினால் யார் எழுந்து வருகிறார்கள் என்பதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும். எகிப்தில் லக்ஸர் பக்கத்தில் 1940களில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக்கலைஞர் பச்சை மண் கல்லில் நியூ குர்னா என்று ஒரு கிராமத்தையே அழகாகக் கட்டினார். யாருக்காகக் கட்டினாரோ அந்த மக்களில் பெரும்பாலோர் குடிபோக மறுத்துவிட்டார்கள், அவர்கள் பிழைப்பும் வேரும் பழைய இடத்தில் இருந்தன. என் கதையும் சின்ன அளவில் அதுதான், ஒரே வித்தியாசம், கட்டியதும் நான், குடிபோக முடியாமல் போனதும் நான்.

அந்த வாடகை வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு பாழடைந்த பழைய வீட்டு மனை கிடைத்தது. காட்சி என்று சொல்ல எதுவும் இல்லை, எதிரில் டிரான்ஸ்பார்மர், காலை ஆறு மணிக்கே பேருந்து ஹாரன். சமதளம், ரோட்டிலிருந்து ஒன்றரை அடி மேடு, மருத்துவரிடம் நடந்தே பன்னிரண்டு நிமிஷம், அக்கா நடையில் இருபத்தைந்து. மண் பாட்டிலில் களி 22 சதவீதம். இதை எழுதும்போதும் ஒரு அல்ப சந்தோஷம் வருகிறது. பழைய வீட்டின் சுவர் பாதி விழுந்து மேடாகக் கிடந்தது, சிமென்ட் சேராத மண் சுவர். மேஸ்திரி ஒரு கட்டியை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழியாகக் கசிந்து, கால் மணி நேரத்தில் கட்டி கரைந்து சேறாகிவிட்டது. "இதையே குழைச்சு ஏத்திடலாம்மா, வெளியில இருந்து ஒரு கூடை மண்கூட வேண்டாம்" என்றார். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாசல் கிழக்கே வேண்டாம், டிரான்ஸ்பார்மர் தெரியும், பக்கவாட்டில் வை என்று அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் இன்னும் முடிவாகவில்லை. மழைக்கு முன்னால் கூரை ஏற வேண்டும், அதற்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.